ஆறாவது பருக்கை

மலருக்கு ஒரு கட்டுரை வேண்டும் என்று சங்கத்து அண்ணன் ஒருவர் கேட்டார். "கதை எழுதக் கற்பனை போதாது, கவிதை எழுதினால் இருக்கின்ற நண்பர்களும் போய்விடுவார்கள்" என்று சொல்லித் தப்பிக்கப் பார்த்தேன். "அப்படியானால் உனக்குத் தெரிந்ததை எழுது" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். எனக்குத் தெரிந்தவை எண்கள். அவற்றுள்ளும் ஓர் எண்ணின்மேல் எனக்குத் தனிப் பற்று உண்டு. அதைப் பற்றித்தான் எழுதப் போகிறேன். கணக்கு என்றதும் பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். கூட்டல், கழித்தல், பெருக்கல், வகுத்தல் தெரிந்தவர்களுக்கு எழுதியதே இது. ஓரிடத்தில் மட்டும் சற்று நின்று படிக்க வேண்டியிருக்கும். அந்த இடம் வரும்போது சொல்கிறேன்.

அந்த எண் இதுதான்: 4294967297.

நானூற்று இருபத்தொன்பது கோடியே நாற்பத்தொன்பது இலட்சத்து அறுபத்தேழாயிரத்து இருநூற்றுத் தொண்ணூற்றேழு என்று படிக்க வேண்டும். கைப்பேசி எண்ணைப் போலப் பத்து இலக்கங்கள். பார்த்தவுடன் மனத்தைக் கவரும் அழகு ஒன்றும் இல்லை. ஆனால் உலகம் கண்ட பெருங் கணித அறிஞர் ஒருவரின் நம்பிக்கையைத் தகர்த்த எண் இது. அதைச் சொல்லுமுன் உங்களை நம் வீட்டுச் சமையலறைக்கு அழைத்துச் செல்ல வேண்டும்.

'ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம்' என்கிறோம். அம்மா பானைக்குள் கரண்டியை விட்டு ஒரு பருக்கையை எடுத்து, இரு விரல்களுக்கிடையே நசுக்கிப் பார்ப்பார். வெந்திருந்தால் கஞ்சியை வடிக்க வேண்டியதுதான். இரண்டாவது பருக்கையை யாரும் பார்ப்பதில்லை. அந்தத் தீர்ப்பு பெரும்பாலும் தவறுவதும் இல்லை. ஏன் தவறுவதில்லை? எல்லா அரிசியும் ஒரே உலையில், ஒரே நீரில், ஒரே நெருப்பில், ஒரே நேரம் வெந்தது. ஒரு பருக்கைக்கு நேர்ந்ததே மற்றவற்றுக்கும் நேர்ந்தது. பழமொழியின் வலிமை பருக்கையில் இல்லை, பானையில் இருக்கிறது.

ஆனால் பானையே இல்லாத இடத்திலும் நாம் இந்தப் பழமொழியைத் தூக்கிக்கொண்டு போகிறோம். அங்கேதான் என் எண் வந்து குறுக்கே நிற்கிறது.

3 என்ற எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். அதிலிருந்து ஒன்றைக் கழியுங்கள். வருவதை அதனாலேயே பெருக்குங்கள். பிறகு ஒன்றைக் கூட்டுங்கள். 5 வரும். 5-க்கும் அவ்வாறே செய்யுங்கள், 17 வரும். அடுத்து 257. அதற்கடுத்து 65537. இந்த ஐந்து எண்களுக்கும் பொதுவான ஒரு குணம் உண்டு: ஐந்தும் பகா எண்கள். அதாவது ஒன்றாலும் தன்னாலும் அன்றி வேறெதனாலும் மீதியின்றி வகுபடாதவை. 3, 5, 17 ஆகியவற்றைப் பார்த்தாலே தெரியும். 257-க்குச் சிறிது நேரம் ஆகும். 65537-ஐச் சோதிக்க வேண்டுமானால் 256-க்கு உட்பட்ட 54 பகா எண்களாலும் வகுத்துப் பார்த்தால் போதும். ஒரு மாலைப் பொழுது செலவாகும்; அவ்வளவுதான்.

ஐந்து பருக்கைகளை நசுக்கிப் பார்த்தாயிற்று; ஐந்தும் வெந்திருக்கின்றன. பழமொழி ஒன்றே போதும் என்கிறது. இங்கே ஐந்து இருக்கின்றன. இந்த வரிசையில் வரும் எல்லா எண்களும் பகா எண்களே என்று சொல்லிவிடலாமா?

சொன்னவர் சாதாரண மனிதர் அல்லர். பிரான்சு நாட்டின் துலூஸ் நகரில் நீதிமன்றப் பதவி வகித்துக்கொண்டே, ஓய்வு நேரத்தில் கணிதத்தின் போக்கையே மாற்றிய பியேர் டி ஃபெர்மா. 1640-ஆம் ஆண்டில் நண்பருக்கு எழுதிய கடிதத்தில் இந்த நம்பிக்கையை அவர் வெளியிட்டார். முழு நிரூபணம் தம்மிடம் இல்லை என்பதை மறைக்கவும் இல்லை. ஆயினும் நம்பிக்கை தளரவில்லை. ஆறாவது எண்தான் 4294967297. அதுவும் பகா எண்ணாகவே இருக்கும் என்பது அவர் எண்ணம். 1665-இல் அவர் மறைந்தார். எண்ணம் மறையவில்லை.

ஏறத்தாழத் தொண்ணூறு ஆண்டுகள் சென்றன. சுவிட்சர்லாந்தின் பாசெல் நகரில் பிறந்த ஓர் இளைஞர், பிழைப்புத் தேடி இருபதாம் வயதில் ரஷ்யாவின் பீட்டர்ஸ்பர்க் நகருக்குப் போயிருந்தார். தாய்மொழி வேறு, ஊர்மொழி வேறு, குளிரோ கடுங்குளிர். நம்மைப் போன்றவர்தாம்! அவர் பெயர் லியோனார்டு ஆய்லர். கோல்டுபாக் என்ற நண்பர் 1729 டிசம்பரில் அவருக்கு எழுதிய கடிதத்தில், ஃபெர்மாவின் இந்தக் கூற்றை அறிவீரா என்று கேட்டிருந்தார். 1732-இல் ஆய்லர் விடை சொன்னார். அப்போது அவருக்கு வயது 25. விடை இதுதான்:

4294967297 = 641 × 6700417.

ஆறாவது பருக்கை வேகவில்லை.

இதில் என்னை உறங்கவிடாத செய்தி வேறொன்று. 641 ஒன்றும் எட்டாத உயரத்தில் இருக்கும் எண் அன்று. பகா எண்களை 2, 3, 5, 7 என்று வரிசையாக எழுதினால் 116-ஆவது இடத்தில் இருப்பது. 4294967297-ஐ முழுமையாகச் சோதிக்க வேண்டுமானால் 6542 பகா எண்களால் வகுத்துப் பார்க்க வேண்டும்; ஆனால் பொறுமையுள்ள ஒருவன் ஒன்றும் அறியாமல் முதலிலிருந்து வகுத்துக்கொண்டு வந்திருந்தாலும் 116-ஆவது முயற்சியில் பிடித்திருப்பான்.

ஃபெர்மாவுக்கோ அவ்வளவு முயற்சியும் வேண்டியிருக்கவில்லை. அதே 1640-இல் அவர் 137438953471 என்ற எண்ணை ஆராய்ந்தார். 37 இரண்டுகளைப் பெருக்கி ஒன்றைக் கழித்தால் வருவது அது. அதை வகுக்கக்கூடிய பகா எண் எதுவாயினும், அந்தப் பகா எண்ணை 74-ஆல் வகுத்தால் மீதி 1 வர வேண்டும் என்று கண்டுகொண்டார். ஆகவே 75, 149, 223 என்று பார்த்துக்கொண்டு போனால் போதும். 75 பகா எண் அன்று. 149 வகுக்கவில்லை. 223 வகுத்துவிட்டது!

அதே கருவியை இங்கே திருப்பினால், நம் எண்ணை வகுக்கும் பகா எண் எதுவும் 64-ஆல் வகுக்கும்போது மீதி 1 தர வேண்டும் என்று வரும். ஆய்லரே இதைப் பின்னாளில் நிறுவினார். அந்த வகையில் 641 வரை உள்ள பகா எண்கள் ஐந்துதான்: 193, 257, 449, 577, 641. இவற்றுள் 257 நம் வரிசையிலேயே இருக்கிறது. வரிசையின் முதல் ஐந்து எண்களையும் பெருக்கிப் பாருங்கள்: 3 × 5 × 17 × 257 × 65537 = 4294967295. நம் எண் இதைவிட 2 அதிகம். ஆதலால் இந்த ஐந்தில் எதனால் வகுத்தாலும் மீதி 2 வரும், வகுபடாது. 257-ஐ அடித்துவிட்டால் மிஞ்சுவன நான்கு. நான்காவது முயற்சியில் விடை! கருவி கையில் இருந்தது. ஐந்து பருக்கைகள் தந்த நம்பிக்கை அந்தக் கையைக் கட்டிப் போட்டதோ என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

இந்தக் கதையைப் புத்தகத்தில்தான் படித்தேன். அது நெஞ்சில் உறைத்தது இந்த விடுதியில்.

வடக்கே படிக்க வந்த நம் எல்லாருக்கும் ஒரு வாழ்த்துரை பழக்கமாகியிருக்கும். "நீங்கள் மதராசிகள் எல்லாருமே கணக்கில் புலிகள்!" என் அறைத்தோழன் இதை மனமாரச் சொல்வான், நல்ல பையன். ஒரு நாள் அவனிடம், "எத்தனை தமிழர்களை உனக்குத் தெரியும்?" என்று கேட்டேன். விரல்விட்டு எண்ணினான். பள்ளியில் ஓர் ஆசிரியர், பக்கத்து வீட்டில் ஒரு வங்கி அதிகாரி, பயிற்சி வகுப்பில் இருவர், பிறகு நான். சரியாக ஐந்து!

பழித்துச் சொன்னால் சண்டை போடலாம். புகழ்ந்து சொல்வதை என்ன செய்வது? சிரித்துக்கொண்டு வாங்கிக்கொள்கிறோம். அந்தப் புகழுக்கு விலை கொடுப்பவன் எங்கோ ஒரு மூலையில் இருக்கிறான்.

சென்ற ஆண்டு முதலாண்டு வகுப்புக்கு ஒரு தம்பி வந்தான். கும்பகோணத்துக்குப் பக்கத்துக் கிராமம். ஊரைச் சொன்ன அன்றே அவனுக்கு 'ராமானுஜன்' என்று பெயர் வைத்துவிட்டார்கள். அவனுக்கோ புள்ளியியல் பாடம் பிடிபடவில்லை. முதல் தேர்வில் தேறவில்லை. மற்றவர்கள் தேறாவிட்டால் ஆசிரியரிடம் போய்ச் சந்தேகம் கேட்பார்கள். இவன் எப்படிக் கேட்பான்? ராமானுஜன் அல்லவா! வகுப்பில் வாய் திறக்காமல் இருந்தான். பிறகு வகுப்புக்கே போகாமல் இருந்தான். நான்கு நாள் உணவுக்கூடத்திலும் காணவில்லை என்று கேள்விப்பட்டு அறைக்குப் போனேன். பெட்டியில் துணிகளை அடுக்கிக்கொண்டிருந்தான்.

"ஊருக்குப் போகிறேன் அண்ணா. நம் ஆட்கள் பெயரைக் கெடுக்கிறேன்" என்றான்.

எனக்கு ஆறுதல் சொல்லத் தெரியாது. மேசைமேல் இருந்த தாளை எடுத்து 4294967297 என்று எழுதினேன். "இதை 641-ஆல் வகு" என்றேன். என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தான். கைப்பேசியை எடுக்கப் போனான். "அது வேண்டாம். தாளில், தொடக்கப்பள்ளியில் செய்தது போல்" என்றேன். பெரியவர்கள் சொன்னால் தட்டாத பிள்ளை, உட்கார்ந்து வகுத்தான்.

நீங்களும் தாளில் செய்து பாருங்கள். 4294-இல் 641 ஆறு முறை, மீதி 448. ஒன்பதை இறக்கினால் 4489. ஏழு முறை போக மீதி 2. ஆறை இறக்கினால் 26, ஏழை இறக்கினால் 267, இரண்டிலும் போகாது, ஈவில் இரண்டு சுழிகள். அடுத்து 2672, நான்கு முறை, மீதி 108. அடுத்து 1089, ஒரு முறை, மீதி 448.

"அண்ணா, முன்பு வந்த அதே 448" என்றான். முதல் முறையாக முகத்தில் சிறிது ஒளி தெரிந்தது.

"அப்போது ஒன்பது இறங்கியது, இரண்டு மிஞ்சியது. இப்போது இறங்க வேண்டியது என்ன?"

"ஏழு." 4487 என்று எழுதினான். ஏழு முறை 641 அதே 4487. மீதி இல்லை.

அதன் பிறகுதான் ஃபெர்மாவின் கதையைச் சொன்னேன். ஐந்து பேரைப் பார்த்து ஆறாவது ஆளுக்குத் தீர்ப்பு எழுதியவர்கள் உலகில் என் அறைத்தோழனுக்கு முன்னும் உண்டு என்றேன். "அந்த எண் என்ன குற்றம் செய்தது? பகா எண்ணாக இருப்பேன் என்று அது யாருக்கும் வாக்குக் கொடுக்கவில்லையே! அதன் இயல்புப்படி அது இருந்தது. பிழை கூற்றில்தான்" என்றேன். அவன் ஒன்றும் பேசவில்லை. பெட்டியை மூடிக் கட்டிலுக்குக் கீழே தள்ளினான். மறுநாள் ஆசிரியரிடம் போய், தனக்கு ஒன்றும் விளங்கவில்லை என்று சொன்னானாம். ஆண்டிறுதித் தேர்வில் முதல் மதிப்பெண் வாங்கிவிட்டான் என்று முடித்தால் கதை இனிக்கும். அப்படி நடக்கவில்லை. தேறினான். அது போதும்.

வகுத்துப் பார்த்தால் வகுபடுவது தெரிகிறது. ஏன் வகுபட வேண்டும் என்பது தெரியவில்லை. முதலில் சொன்னேனே, சற்று நின்று படிக்க வேண்டிய இடம், அது இதுதான். 641 என்பது 625 + 16. அதுவே 640 + 1-உம் ஆகும். 640 என்பது 5-ஐ ஏழு இரண்டுகளால் பெருக்கியது. ஆகவே நான்கு 640-களைப் பெருக்கினால், நான்கு ஐந்துகளும் 28 இரண்டுகளும் சேர்ந்திருக்கும். அதாவது 625-ஐ 28 இரண்டுகளால் பெருக்கியதாகும். இப்போது 641-ஐ 28 இரண்டுகளால் பெருக்குங்கள். 625 தரும் பகுதி, நான்கு 640-களின் பெருக்கம். 16 தரும் பகுதி, 32 இரண்டுகளின் பெருக்கம். அது 4294967296, நம் எண்ணுக்கு ஒன்று குறைவு. எனவே நம் எண்ணைப் பெற, 641-இன் அந்தப் பெரிய மடங்கிலிருந்து, நான்கு 640-களின் பெருக்கத்தில் ஒன்று குறைத்து வருவதைக் கழித்தால் போதும். அவ்வாறு கழிக்கப்படுவது 639 × 641 × 409601. அதுவும் 641-இன் மடங்கு. மடங்கிலிருந்து மடங்கைக் கழித்தால் வருவதும் மடங்குதானே? ஐந்து எடுத்துக்காட்டுகள் தராத உறுதியை இந்தச் சில வரிகள் தந்துவிடுகின்றன.

ஃபெர்மாவின் கூற்று விழுந்ததே தவிர, அவர் கண்ட எண்கள் வீணாகவில்லை. 1796-இல், பத்தொன்பது வயதுகூட நிறையவில்லை, காஸ் என்ற ஜெர்மானிய இளைஞர், பதினேழு சமபக்கங்கள் கொண்ட ஒழுங்கான உருவத்தை அளவுகோலும் கவராயமும் மட்டும் கொண்டு வரையலாம் என்று காட்டினார். அப்படி வரையக்கூடிய உருவங்களுக்கும் ஃபெர்மாவின் பகா எண்களுக்கும் உறவு இருப்பதும் விளங்கிற்று. அப்படி வரையக்கூடியன என்று இன்று நாம் அறிந்த உருவங்களுள், ஒற்றைப்படைப் பக்கங்கள் கொண்டவற்றில் மிகப் பெரியதற்குப் பக்கங்கள் எத்தனை தெரியுமா? 4294967295. சற்று முன் ஐந்து எண்களையும் பெருக்கிப் பெற்ற அதே எண்! நம் எண்ணோ அதைவிட இரண்டே கூடுதல். ஆயினும் அத்தனை பக்கங்கள் கொண்ட உருவத்தை அவ்வாறு வரைய முடியாது. 641 உள்ளே அமர்ந்து தடுக்கிறது.

கணிப்பொறி படிக்கும் நண்பர்களுக்கும் இந்த இடம் பழக்கமானதுதான். 32 இருமக் குறிகளில் எழுதக்கூடிய மிகப் பெரிய எண்ணும் 4294967295-தான். நம் எண் அந்த வேலிக்கு இரண்டடி வெளியே நிற்கிறது. இரும முறையில் எழுதினால் இரு முனையிலும் ஒவ்வொரு ஒன்று. நடுவே 31 சுழிகள்.

ஆறாவது விழுந்த பிறகு என்ன நடந்தது என்பதையும் சொல்ல வேண்டும். ஏழாவது எண் 18446744073709551617. அதை 274177 வகுக்கும் என்று 1880-இல் கண்டவர் லாந்திரி. அப்போது அவருக்கு வயது 82. அதன் பின் கணிப்பொறிகள் வந்தன. இன்றைய நிலையில் ஆறாவது முதல் முப்பத்துமூன்றாவது வரை 28 எண்கள் தீர்மானிக்கப்பட்டுள்ளன. அவற்றில் ஒன்றுகூடப் பகா எண் அன்று. இருபத்தோராவதும் இருபத்தைந்தாவதும் வகுபடக்கூடியவை என்று நிறுவியாயிற்று. எந்த எண்ணால் என்பதை இதுவரை எவரும் கண்டறியவில்லை.

அப்படியானால் ஐந்தோடு சரி, இனி இந்த வரிசையில் பகா எண்ணே கிடையாது என்று அறிவித்துவிடலாம் அல்லவா? ஐந்து பருக்கைக்குப் பதில் இப்போது இருபத்தெட்டு இருக்கின்றனவே! பலருக்கும் அதுவே உண்மையாக இருக்கும் என்று தோன்றுகிறது. ஆனால் அதை ஒரு தேற்றமாக யாரும் எழுதிவைக்கவில்லை. முப்பத்துநான்காவது எண்ணில் 258 கோடிக்கும் மேற்பட்ட இலக்கங்கள் இருக்கின்றன. அது பகுமா, பகாதா என்பது இன்னும் திறந்த கேள்வியாகவே இருக்கிறது. ஒரு முறை சூடு கண்ட கணிதம், எதிர்ப்பக்கம் சாய்ந்தும் அதே பிழையைச் செய்ய மறுக்கிறது. அந்த அடக்கத்தைக் கண்டுதான் இந்த எண்ணின்மேல் எனக்கு இவ்வளவு பற்று.

நண்பர்களே, இதில் நமக்கும் பங்கு உண்டு. பிறர் நம்மை ஐந்து பேரைக் கொண்டு அளக்கிறார்கள் என்று சங்கக் கூட்டங்களில் குறைப்படுகிறோம். அதே கூட்டம் முடிந்து தேநீர் குடிக்கும்போது, "இந்த ஊர்க்காரர்களே இப்படித்தான்" என்று நாமும் சொல்கிறோம். எத்தனை பேரைக் கண்டு சொல்கிறோம்? வண்டிக்காரர் ஒருவர், விடுதிக் கணக்கர் ஒருவர், வீட்டுக்காரர் ஒருவர். ஐந்துகூடத் தேறாது. ஒரு பிரதேசத்து மக்கள் ஒரே பானையில் வெந்த சோறு அல்லர். ஒவ்வொருவருக்கும் வேறு உலை, வேறு நெருப்பு.

இந்த ஆண்டு புதிதாக வந்திருக்கும் தம்பி தங்கையருக்கு ஒரு வேண்டுகோள். உங்களுக்கும் யாரேனும் ஒரு பட்டம் வைத்திருக்கக்கூடும். அது புகழாக இருந்தாலும் சரி, இகழாக இருந்தாலும் சரி, அதைச் சுமக்கும் கடமை உங்களுக்கு இல்லை. விளங்காததை விளங்கவில்லை என்று சொல்லுங்கள். என் அறைத்தோழனுக்கும் கணக்கு எழுதிக் காட்டினேன். சிரித்தான். "அப்படியானால் தமிழர்கள் எல்லாருமே நன்றாகக் கதை சொல்வார்கள்" என்றான். அவனுக்கு இன்னும் சில பருக்கைகள் வேண்டும் போலும்.